தாத்தா பெட்டியில் ஜப்பான் நோட்டு: விலை என்ன?

அந்தமானில் ஹாடோ துறைமுகத்தை ஒட்டிய ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற தமிழர். அவருடைய தகப்பனார் யுத்தத்துக்கு முன்பே மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியும் அவருடைய தகரப் பெட்டி மட்டும் பரணிலேயே கிடந்தது. மழைக்கு முன் கூரைத் தகடு மாற்றுகிற சாக்கில் பெட்டி கீழே இறங்குகிறது. பூட்டு துருப்பிடித்துவிட்டது, சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே மடித்த வேட்டி, கிழிந்த பஞ்சாங்கம், மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு சின்னக் கட்டு.

கட்டைப் பிரித்தால் பணம்! ஆனால் அதில் ராஜா தலை இல்லை, அசோகத் தூண் இல்லை, காந்திஜியும் இல்லை. வலப்பக்கம் கோவில் போல ஒரு கட்டடம். இங்கிலீஷில் ‘ஜப்பானிய அரசாங்கம்’ என்று அச்சு. அடியில் சித்திர எழுத்துகள். பத்து ரூபாய் நோட்டுகள் பதினான்கு, ஐந்து ரூபாய் ஆறு, ஒரு ரூபாய் கொஞ்சம். பேரன் கைப்பேசியில் படம் பிடித்து எங்கோ அனுப்புகிறான். மறுநாள் காலையில் அழைப்பு வருகிறது. “நோட்டு ஒன்றுக்கு இரண்டு லட்சம் தருகிறோம். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்ய முதலில் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டுங்கள்.” வீட்டில் ஒரு கல்யாணம் பணமில்லாமல் நிற்கிறது. கட்டுவதா, வேண்டாமா?

வீடு கற்பனை. ஆனால் அந்த அழைப்பு நிஜம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிற வேலையில் தான் ஈடுபடுவதே இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று வங்கி அதில் தெளிவாகச் சொன்னது. ஆகவே முதற்கேள்விக்குப் பதில் இலகுவானது: ஒரு காசும் கட்டக் கூடாது.

இரண்டாவது கேள்வி அப்படியல்ல. அந்த நோட்டுக்கு உண்மையில் என்ன விலை? அதைப் பிறர் வாயால் கேட்காமல் தானே தெரிந்துகொள்ள வழி உண்டு. காகிதப் பணத்துக்கென்றே விலைப்பட்டியல் புத்தகங்கள் இருக்கின்றன. ரயில்வே கட்டண அட்டவணையைப் பார்க்கத் தெரிந்தவர் எவரும் அவற்றைப் பார்க்கலாம். பார்க்கும் முறை தெரியவேண்டும், அவ்வளவுதான்.

யார் அடித்த பணம்?

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியப் படை 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேரில் இறங்கியது. (2024 செப்டம்பர் முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) 1945 அக்டோபரில் பிரிட்டிஷாரிடம் முறைப்படி சரணடையும் வரை தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. மூன்றரை வருஷம். அந்தக் காலத்துப் பட்டினியையும் சித்திரவதையையும் பற்றித் தீவின் பழைய குடும்பங்கள் இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசும். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் ஒரே நாளில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் கடைசியில் வந்து கொடியேற்றினார். அடுத்த ஆண்டு ஆசாத் ஹிந்த் சர்க்காரின் சார்பில் தீவுகளின் தலைமை அதிகாரியாக வந்து அமர்ந்தவர் ஒரு தமிழர், லெப்டினண்ட் கர்னல் ஏ.டி.லோகநாதன். பெயரளவில் ஆட்சி மாறிற்றே தவிர, போலீஸ் முதல் உணவுப் பண்டம் வரை பிடி ஜப்பானியரிடமே இருந்தது. அவர் அந்த வருஷமே திரும்பிவிட்டார்.

ஜப்பான் தான் பிடித்த தேசங்களுக்கெல்லாம் அந்தந்த ஊர்க் கணக்கில் தாள் பணம் அடித்தது. மலேயாவுக்கு டாலர், பிலிப்பைன்ஸுக்குப் பெசோ, டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேஷியத் தீவுகளுக்குக் கில்டர், பசிபிக் தீவுகளுக்குப் பவுனும் ஷில்லிங்கும், பர்மாவுக்கு ரூபாய். தகரப் பெட்டியில் கிடைத்தது இந்தக் கடைசி வகை. ரூபாய் நோட்டில் காணும் கோவில், பர்மாவின் பகான் நகரத்து ஆனந்தா கோவில். எண்ணெய்க் கிணறும் தேக்கும் நெல்லும் வேண்டி ரங்கூனைப் பிடித்தவர்கள் அடித்த பணம் கப்பலேறித் தீவுக்கு வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஒரு வேடிக்கை. அணா கணக்கிலேயே வளர்ந்த ஜனங்களுக்கு ஜப்பானியர் 1, 5, 10 சென்ட் என்று சில்லறை நோட்டு அச்சிட்டார்கள். அதற்கு மேல் கால் ரூபாய், அரை ரூபாய், பிறகு 1, 5, 10. யுத்தம் முற்றி விலைவாசி ஏறிய 1944-இல் 100 ரூபாய் நோட்டும் வந்து சேர்ந்தது. ஆக ஒன்பது வகை.

முதலில் பார்க்க வேண்டிய எழுத்து

டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் குமாஸ்தாவின் கண் எண்ணுக்குத்தான் போகும். நோட்டிலும் அப்படித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் இந்தப் பர்மா ரூபாயில் எவ்வளவு தேடினாலும் வரிசை எண் கிடைக்காது. அச்சிடவே இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் இருக்கும்.

அந்த எழுத்துகளில் முதலாவது தேசத்தைச் சொல்லும். ‘பி’ என்று ஆரம்பித்தால் பர்மா. ‘எம்’ மலேயா. ‘எஸ்’ டச்சுத் தீவுகள். இங்கிலீஷ் ‘பெசோ’வின் எழுத்தான ‘பி’ தமிழில் எழுதும்போது பர்மாவின் ‘பி’யோடு குழம்பும், பிலிப்பைன்ஸ் நோட்டில் பெசோ என்று பெரிதாக அச்சாகியிருப்பதால் அச்சமில்லை. ‘ஓ’ என்றால் பசிபிக் தீவுகள். இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் எந்தக் கட்டில் அச்சானது என்பதற்கான அடையாளம். சில நோட்டுகளில் இந்த எழுத்துகள் ஒரே வரியில் இருக்கும். வேறு சிலவற்றில் பின்னக் கணக்கு போல ஒரு சாய்கோட்டுக்கு மேலும் கீழுமாக இருக்கும். புத்தகம் இவற்றை வெவ்வேறு உட்பிரிவாகப் போடுவதுண்டு. காகிதத்தில் பட்டு இழை கலந்திருக்கிறதா, வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரிகிறதா என்பதும் சில உட்பிரிவுகளைப் பிரிக்கும்.

மலேயாவில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களிடம் வேறொரு நோட்டு இருக்கக்கூடும். பத்து டாலர், வாழைமரப் படம். ‘வாழை நோட்டு’ என்றே மலேயாவில் அதற்குப் பெயர். அதுவும் இதே ஜாதி, ‘எம்’ எழுத்து. அதில் பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க அடித்த நகலும் உண்டு என்பதால் காகிதத்தைத் தடவிப் பார்த்துத்தான் நம்பவேண்டும்.

புத்தகத்தில் எந்தப் பக்கம்?

உலகக் காகிதப் பணத்துக்குப் பேர்போன விலைப்பட்டியல், ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிவைத்தது. 1975 முதல் அமெரிக்காவில் இங்கிலீஷில் பல பதிப்புகள் கண்டது. இப்போது அச்சில் புதிய பதிப்பு வருவதில்லை என்றாலும், அவர் ஒவ்வொரு நோட்டுக்கும் கொடுத்த எண்ணைத்தான் உலகம் முழுவதும் வியாபாரிகள் இன்னும் சொல்கிறார்கள். ‘பிக் பதினாறு’ என்றால் இன்ன நோட்டு என்று பாரீஸிலும் புரியும், மதுரையிலும் புரியும். பழைய பதிப்பு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கினாலும் அடையாளம் காண அது போதும். விலைக்குத்தான் பழைய பதிப்பு உதவாது.

இதில் முதல் ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால், புத்தகத்தைத் திறந்து ‘ஜப்பான்’ என்ற தலைப்பில் தேடுவார்கள். கிடைக்காது. ‘இந்தியா’வில் தேடுவார்கள். அங்கேயும் இல்லை. அந்தமான் என்று தனித் தலைப்பு கிடையவே கிடையாது. ஆக்கிரமிப்புப் பணம் எந்தத் தேசத்துக்காக அடிக்கப்பட்டதோ அந்தத் தேசத்தின் கீழ்தான் இருக்கும். ஆகவே ‘பர்மா’ என்று பார்க்கவேண்டும். பிந்திய பதிப்புகளில் ‘மியான்மர்’. மூன்று பாகமாக வந்த பதிப்பானால் 1960 வரையுள்ள பொது வெளியீடுகள் பாகத்தை எடுக்கவேண்டும்.

பர்மா தலைப்பில் முதலில் வருவது ரிசர்வ் வங்கி பர்மாவுக்கு வெளியிட்ட நோட்டுகள். அதற்கடுத்து ஜப்பான் வரிசை. ஒரு சென்ட்டுக்கு 9-ஆம் எண். ஐந்து சென்ட் 10, பத்து சென்ட் 11, கால் ரூபாய் 12, அரை ரூபாய் 13, ஒரு ரூபாய் 14, ஐந்து 15, பத்து 16, நூறு ரூபாய் 17. எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்து இருந்தால் அதுதான் முன்பு சொன்ன உட்பிரிவு. ஹாடோ வீட்டுப் பத்து ரூபாய் நோட்டு பதினாறாம் எண் என்று இத்தோடு தெரிந்துவிட்டது.

அப்புறம் வலப்புறம் விலைக் கட்டங்கள். வண்டிக் கட்டண அட்டவணையில் தூரத்தைக் கண்டுபிடித்தபின் வகுப்பைப் பார்ப்பது போல இங்கே நோட்டின் தரத்தைப் பார்க்கவேண்டும். தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

‘குட்’ என்றால் நல்லதல்ல

தரத்தை இங்கிலீஷ் எழுத்துகளில் குறிப்பார்கள். யு.என்.சி. என்றால் புழக்கத்துக்கே வராத, மடிப்பு விழாத நோட்டு. ஏ.யு. அதற்கு ஒரு மாற்றுக் குறைவு. எண்ணும்போது விழுந்த இலேசான மடிப்பு இருக்கலாம். எக்ஸ்.எஃப். என்றால் இரண்டு மூன்று மெல்லிய மடிப்பு, ஆனால் காகிதம் மொடமொடப்பாக இருக்கும். வி.எஃப். என்பது கைமாறிய நோட்டு. மடிப்பும் கொஞ்சம் அழுக்கும் உண்டு, ஓரம் கிழிந்திராது. எஃப். இன்னும் தளர்ந்தது. வி.ஜி. என்பதை ‘வெரி குட்’ என்று விரித்து ‘ஆகா, மிக நல்ல நோட்டு’ என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அது துணிபோல் துவண்டு, மூலை உருண்டு, ஓரம் கிழிந்த நோட்டுக்கு இடும் பெயர். வெறும் ‘குட்’ அதற்கும் கீழே. புத்தகக்காரர்களின் அகராதி அப்படி!

பழைய இந்திய நோட்டுகளுக்கு ஒரு சலுகை உண்டு. அந்தக் காலத்தில் வங்கியில் கட்டுகளைக் கம்பியால் தைத்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே இடப்பக்கத்துத் துளையைச் சேகரிப்பாளர்கள் பெரிய குறையாகக் கொள்வதில்லை. ஜப்பான் நோட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஹாடோ வீட்டு நோட்டுகள் மூன்றாக மடிந்து, கடற்காற்றில் பழுப்பேறி, இரண்டில் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டுக் கிடக்கின்றன. பெரும்பாலானவை எஃப்., மீதி வி.ஜி. நான்கு மட்டும் வி.எஃப். என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது விலையைப் பார்ப்போம். பர்மா வரிசையின் சாதாரண நோட்டுகளுக்குப் புத்தகம் போடும் விலை, மடிப்பே விழாத நிலையில்கூட ஒருசில டாலர்தான். கைமாறி அழுக்கான நோட்டு அதிலும் ஒரு பங்கு. அதுவும் புத்தக விலை என்பது சேகரிப்பாளர் கடையில் கொடுத்து வாங்கக்கூடிய உத்தேச விலை. கடைக்காரர் நம்மிடம் வாங்கும்போது அதில் பாதியோ, கால்பங்கோ கொடுத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆக மொத்தக் கட்டையும் விற்றால் குடும்பத்துக்கு ஒரு மாத மளிகைச் செலவு தேறினால் அதிர்ஷ்டம். லட்சம் எங்கே வந்தது?

விதிவிலக்கு ஒன்று உண்டு. நோட்டின்மேல் சிவப்பில் இரண்டு ஜப்பானியச் சித்திர எழுத்துகள் பெரிதாக அச்சாகி இருந்தால், அது ‘மிஹோன்’, அதாவது மாதிரி நோட்டு. அதிகாரிகளுக்குக் காட்ட அடித்தது. அதற்கு விலை கூடும். கூடும் என்பதாலேயே சாதாரண நோட்டில் சிவப்பு முத்திரை குத்தி விற்கிறவர்களும் உண்டு. மை காகிதத்துக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே மிதக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கவேண்டும்.

ஏன் இவ்வளவு மலிவு?

எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட பொருள், யுத்தகாலத்துப் பொருள், அன்னியன் அச்சிட்டது. அப்படியும் மலிவு என்றால் மனம் ஒப்ப மறுக்கிறது. வயதுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதைச் சேகரிப்பில் இறங்குகிற எவரும் ஒருமுறை நொந்துதான் கற்கிறார்கள்.

காரணம் அந்த இல்லாத எண்ணில் இருக்கிறது. எண் போட்டால் எத்தனை அடித்தோம் என்று கணக்கு வைக்கவேண்டும். கஜானாவில் அதற்கு ஈடாக ஏதாவது இருக்கவேண்டும். படைக்கு அரிசி வேண்டும், கூலி கொடுக்கவேண்டும் என்றபோதெல்லாம் அச்சு இயந்திரம் சுழன்றது. ஈடு ஒன்றும் இல்லை, துப்பாக்கியைத் தவிர. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் திரும்பிவந்து அந்தப் பணம் செல்லாது என்றார்கள். ஒரே நாளில் கட்டுக் கட்டாகக் குப்பையாகப் போனதால் எங்கும் மிச்சம் நிறைய. மிச்சம் நிறைய இருப்பதால் இன்று விலை இல்லை. தாத்தாவின் கூலியை அன்று காகிதமாக்கிய அதே காரியம்தான் பேரனுக்கும் இன்று லாபமில்லாமல் செய்கிறது.

ஜப்பான் சர்க்காரிடம் கேட்டால் கொடுக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கிற வழி அடைபட்டுவிட்டது. இந்தியாவும் ஜப்பானும் 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில், யுத்த நஷ்டஈட்டுக் கோரிக்கைகளை இந்தியா கைவிட்டது. ஹாங்காங்கில் இதே போல ஜப்பானிய ராணுவ யென் நோட்டைக் கட்டாயத்தின்பேரில் மாற்றிக்கொண்டவர்கள் சங்கம் வைத்து டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999 ஜூனில் அவர்கள் வழக்கு தள்ளுபடியாயிற்று. இரு தேசங்கள் கைகுலுக்கியதில் தகரப்பெட்டிக்காரர்களை எவரும் கலந்துகொள்ளவில்லை.

அதே பெட்டியில் வேறு என்ன?

இந்த இடத்தில் பெட்டியை மூடிவிடக்கூடாது. பளபளப்பான அன்னிய நோட்டைப் பார்த்த மயக்கத்தில் அடியில் கிடக்கும் பழுப்புக் காகிதத்தைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். விலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்தது. பிரிந்த பின்பும், ஜப்பானியர் இருந்த வருஷங்கள் நீங்கலாக, 1947 ஏப்ரல் வரை நமது ரிசர்வ் வங்கிதான் அந்த நாட்டுக்கும் வங்கி. ஆரம்பத்தில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய நோட்டின்மேலேயே ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று இங்கிலீஷில் மேலச்சு செய்து அனுப்பினார்கள். யுத்தம் முடிந்ததும் ஆறாம் ஜார்ஜ் நோட்டின்மேல் ‘பர்மா ராணுவ நிர்வாகம்’ என்று மேலச்சு வந்தது. அதற்கடுத்து ‘பர்மா கரன்ஸி போர்டு’. பார்வைக்கு அது சாதாரண ராஜா நோட்டுத்தான். அந்தச் சின்ன ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் விலை பல மடங்கு மாறும். பர்மாவிலிருந்து திரும்பி வந்து அந்தமானில் குடியமர்ந்த தமிழர்கள் உண்டு. அவர்கள் வீட்டு நோட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

அதே பர்மாவில் ஜப்பானியர் ஆதரவில் அமைந்த பா மா சர்க்காரின் வங்கி 1944-இல் கியாட் கணக்கில் நோட்டு வெளியிட்டது. 1945-இல் வந்த 100 கியாட்டில் பா மாவின் படமே இருக்கும். புத்தகத்தில் ஜப்பான் வரிசைக்கு அடுத்தபடி அதைக் காணலாம். ஜப்பான் ரூபாய் அளவுக்கு அது மலிந்துபோன சரக்கல்ல.

இந்திய நோட்டுகளுக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. கிஷோர் ஜுன்ஜுன்வாலாவும் ரெஸ்வான் ரஸாக்கும் சேர்ந்து 2012-இல் வெளியிட்டது. யார் கையெழுத்து, எந்த ஆண்டு, எந்த முன்னெழுத்து என்று அது நுணுக்கமாகப் பிரிக்கும். 1917-இல் வந்த முதல் ஒரு ரூபாய் நோட்டில் ஐந்தாம் ஜார்ஜ் நாணயத்தின் படமும், பின்புறம் எட்டு இந்திய மொழிகளும் உண்டு. தமிழ் அதில் ஒன்று. ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய், ஜே.பி.டெய்லர் கையெழுத்து. சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு 1949-இல் வந்த ஒரு ரூபாய், கே.ஆர்.கே.மேனன் கையெழுத்து. ஒரே மாதிரி தெரிகிற இரண்டு ராஜா நோட்டில் ஒன்று நூற்றுக்கணக்கிலும் மற்றொன்று ஆயிரக்கணக்கிலும் போவது இந்தக் கையெழுத்து வித்தியாசத்தால்தான்.

ஹஜ் யாத்திரிகர்களுக்காக 1959-இல் ‘எச்.ஏ.’ என்ற முன்னெழுத்தோடு அடித்த 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளும் தேடப்படுபவை. அந்தமானுக்கே உரிய அபூர்வம் வேண்டுமானால் அது காகிதத்தில் இல்லை. கைதிகள் குடியேற்றக் காலத்தில் 1861, 1866 என்று ஆண்டு பொறித்துப் புழங்கிய ஒரு ரூபாய்ச் செப்பு டோக்கன்கள்தான் அவை. அவற்றைத் தேடவேண்டியது நாணயப் புத்தகத்தில்.

நேதாஜி படம் போட்ட ‘ஆசாத் ஹிந்த் வங்கி’ நோட்டு என்று அடிக்கடி ஒன்று விலைக்கு வருகிறது. அந்த வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் இன்று கைமாறும் தாள்களில் பிற்காலத்தில் யாரோ அடித்தவை ஏராளம். நேதாஜி கொடியேற்றிய தீவில் வசிப்பவர்களிடம் அதை விற்பது சுலபம் என்று விற்பவனுக்கும் தெரியும். பக்தி வேறு, கொள்முதல் வேறு.

சட்டம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2016 நவம்பரில் செல்லாததான ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ‘பின்னால் விலை ஏறும்’ என்று பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. மீறினால் பத்தாயிரம் ரூபாயோ, நோட்டின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கோ, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். 786 என்று முடியும் எண், நட்சத்திரக் குறி போட்ட நோட்டு என்றெல்லாம் பேசுகிறார்களே, அதில் பெரும்பகுதி வாய்ப்பேச்சு.

உப்புக்காற்றில் காகிதம்

அந்தமானில் எட்டு மாதம் மழை, மீதி நாளும் ஈரம். காகிதத்துக்கு இதைவிடப் பகை வேறில்லை. நோட்டைக் கண்டதும் வீட்டில் செய்கிற முதல் உபகாரம், ஈரத் துணியால் துடைத்து இஸ்திரி போடுவது. இரண்டாவது, கிழிசலில் செலோடேப் ஒட்டுவது. மூன்றாவது, பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் செய்வது. மூன்றும் நோட்டைக் கொன்றுவிடும். துடைத்து அழுத்திய நோட்டைத் தேர்ந்த கண் உடனே கண்டுபிடித்துவிடும். தரம் இரண்டு படி இறங்கும். லாமினேஷன் செய்ததை யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

அழுக்கோடு இருந்தாலும் அப்படியே விடவேண்டும். மடிப்பை மட்டும் மெல்லப் பிரித்து, சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாகப் போடலாம். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் காகிதத்தில் ஒட்டும். பாலியெஸ்டர் கிடைக்காவிட்டால் கனமான புத்தகத்தின் நடுவே, இரண்டு வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்தாலும் போதும். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்று. விவரத்தை உறையின்மேல் பென்சிலால் எழுதவேண்டும், நோட்டின்மேல் அல்ல. எந்தத் தீவில், யார் பெட்டியில் கிடைத்தது என்பதையும் எழுதிவைப்பது உத்தமம். விலை பெரிதாக ஏறாது. ஆனால் பின்னால் யாராவது தீவுகளின் சரித்திரம் எழுத வந்தால், கடையில் வாங்கிய நோட்டைவிட இந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.

விற்பதானால் ஊரில் ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிக்கவேண்டாம். கப்பலில் சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்கு எடுத்துப் போகச் சொல்லலாம். அங்கே நாலு மேஜையில் காட்டினால் நாலு விலை வரும், சராசரி தெரிந்துவிடும். எந்த மேஜையிலும் விற்பவரிடம் முன்பணம் கேட்கமாட்டார்கள். பணம் வாங்க வேண்டியவர் பணம் கட்டுவது எந்த வியாபாரத்திலும் இல்லை. ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், சில சமயம் பணம் போய்ச் சேருமுன் தடுத்து நிறுத்த முடியும்.

ஹாடோ வீட்டில் கல்யாணச் செலவுக்கு வேறு வழிதான் பார்க்கவேண்டும். ஆனால் அந்தக் குரல் மறுபடியும் கூப்பிடும். விலையை மூன்று லட்சமாக உயர்த்தும். “நோட்டின் வரிசை எண்ணைச் சொல்லுங்கள், பதிவேட்டில் ஏற்றவேண்டும்” என்று கேட்கும். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்கு நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். பி எழுத்து இருக்கும். எண் இருக்காது. அந்தப் பதிலையே சொல்லிவிட்டுப் போனை வைக்கலாம்.